வெர்னியாக் ஊரின் சிமிழ்

வெனுஸ்தியன் என்பது அவர் பெயர். திருச்சபையில் ஆயராகிப் பதினாறு ஆண்டுகள் ஆகியும் குதிரைமேல் ஏறாதவர். கழுதையின்மேல் அமர்ந்து, நீண்ட கால்கள் ஏறக்குறையத் தரையைத் தொட, மலைநாட்டு ஊர்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வருவது அவருடைய வழக்கம். உண்பது ஒருவேளை. படுப்பது வைக்கோலின்மேல். இடைக்கச்சையில் எப்போதும் ஒரு சிறு கத்தரிக்கோல் தொங்கும்.

உழுகிறவன், ஆட்டுக்குப் பின்னால் நடக்கிறவன், திராட்சைக்கொடி கட்டுகிறவன், எவனாயினும் சரி, அவன் முகத்தில் ஏதோ ஒன்றைக் கண்டுவிட்டால் ஆயர் கழுதையை நிறுத்திவிடுவார். "தம்பி, உன் பேர் என்ன? எதைக் கண்டா உனக்குப் பயம்?" என்று கேட்பார். எனக்குப் பயமே கிடையாது என்பவனை வாழ்த்திவிட்டு மேலே போய்விடுவார். தன் பயத்தை மறைக்காமல் சொல்லுகிறவனிடம் இறங்கி நின்று பேசத் தொடங்குவார். பேச்சு முடியும்போது அவனுடைய உச்சியில் ஒரு கொத்து மயிர் குறைந்திருக்கும். குருவாகப் பயிலப்போகும் திருச்சபையின் பிள்ளை ஆகியிருப்பான்.

"ஏண்டி, கத்தரிக்கோல் வருதாம்! உன் மவனை வைக்கப்போருக்குள்ள ஒளிச்சு வை!" என்று பெண்கள் ஆற்றங்கரையில் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வதுண்டு. கேலி செய்தவளே மறுநாள் தன் மகனுடைய முகத்தைக் கழுவித் தலைவாரிக் கழுதையின் வழியில் நிறுத்துவதும் உண்டு. அடிமைகளாய் இருந்தோரை அவர்களுடைய உடையவர்களிடம் மன்றாடி விடுவித்தார். சுதந்தரமாய்ப் பிறந்தவர்களுக்கு அரசனுடைய அதிகாரியின் இசைவு வேண்டும். அதற்காக அதிகாரியின் வாயிலில் காலை முதல் மாலை வரை வெயிலிலே அமர்ந்திருப்பார். அவர் பொறுப்பேற்ற நாளில் அந்த மறைமாவட்டத்தின் நாற்பத்தொரு கோயில்களுள் இருபத்துமூன்று குருவின்றிப் பூட்டிக் கிடந்தன. பதினாறாம் ஆண்டில் ஒன்றுகூடப் பூட்டியிருக்கவில்லை. மக்கள் அவருடைய போர்வையிலிருந்து நூல் பிடுங்கி நோயாளிகளின் கையிலே கட்டத் தொடங்கியிருந்தார்கள். கண்டால் திட்டுவார், காணாதபோது பிடுங்கினார்கள்.

அவ்வாண்டுத் தவக்காலத்தில் கொள்ளைநோய் வந்தது. ஆற்றுவழியே படகில் வந்தது என்றார்கள். தொடையிடுக்கிலோ அக்குளிலோ அரையாப்பு என்னும் கட்டி வீங்கி, மூன்றாம் நாளில் ஆள் போய்விடுவான். நோயாளியின் வாயருகே காதை வைத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்கிற குருக்களே முதலில் விழுந்தார்கள். ஈஸ்டர் வருவதற்குள் பத்தொன்பது பேர் இறந்தனர். வெனுஸ்தியன் தம்முடைய வீட்டில் பயின்றுகொண்டிருந்தவர்களை ஒருவர்பின் ஒருவராய்ப் பட்டம் கொடுத்து அனுப்பினார். உலக வாழ்வை விட்டவன் ஓராண்டேனும் சோதிக்கப்பட்ட பிறகே குருவாக வேண்டும் என்பது ஆயர்கள் கூடி வகுத்த சங்கங்களின் சட்டம். அமாந்து என்னும் இளைஞனுக்கோ நாற்பது நாள்களிலேயே பட்டம் கிடைத்தது. இனிய குரல் உள்ளவன். அவன் பாடினால் குதிரைக்காரர்கள்கூட நின்று கேட்பார்கள். மலையின் அப்புறத்தில் வெர்னியாக் ஊரின் கிழட்டுக் குரு இறந்த செய்தி வந்த மறுநாளே அவன் அங்கே அனுப்பப்பட்டான். அவன் ஆற்றைக் கடந்த மூன்றாம் நாளில் அதிகாரி பாலத்தை அடைத்து வில்லாளரை நிறுத்தினார். ஆயரும் அதற்கு இசைந்தார். நகரைக் காக்க வேண்டியிருந்தது.

பாலம் திறந்தபோது புல்லறுக்கும் காலம் வந்துவிட்டது. ஆயர் முதலில் வெர்னியாக்குக்கே புறப்பட்டார். உடன் வந்தவர் அவருக்கு அடுத்த பொறுப்பிலிருந்த தலைமைத் தியாக்கோன் கல்மின். ஆயரைவிடப் பத்து வயது இளையவர், சட்டம் முழுவதும் நாவிலே உள்ளவர், குதிரையில் வந்தார்.

"ஆண்டவரே, இந்தக் கழுதைக்கும் ஒரு பட்டம் கொடுத்திடுங்க. நாப்பத்தொரு கோயிலுக்கும் வழி தெரிஞ்ச ஒரே ஜீவன் இதுதான்" என்றார் கல்மின்.

"ஒரு வருஷம் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் கொடுக்கணும்" என்றார் ஆயர். பிறகு இருவரும் சிரிக்கவில்லை.

மலைச்சரிவில் அறுப்பாரின்றிப் புல் இடுப்பளவு நின்றது. ஊருக்குக் கீழே ஒரு பள்ளம் மண்ணிட்டு மூடப்பட்டிருந்தது. முப்பது அடி நீளம் இருக்கும். மண் அப்போதே தாழத் தொடங்கியிருந்தது. நூற்றிருபது பேர் வாழ்ந்த ஊரிலிருந்து முப்பத்தாறு பேர் எதிர்கொண்டு வந்தார்கள். அழுதுகொண்டு வந்தார்கள். ஒருவர்பின் ஒருவராய் ஆயருடைய கையைப் பற்றி முத்தமிட்டார்கள்.

"நீங்க பாலத்துக்கே வந்து நின்னு அவர் தலையில கை வெச்சீங்களே ஆண்டவரே, அதைக் கேட்டு ஊரே அழுதுச்சு" என்றாள் ஒருத்தி.

"எங்களை மறந்துட்டீங்கன்னு நெனைச்சோம். மறக்கலை" என்றான் இன்னொருவன்.

யார் தலையில், எந்தப் பாலத்தில் என்று ஆயருக்கு விளங்கவில்லை. வாய் திறந்து கேட்கும் முன்னரே கூட்டம் விலகிற்று. "இதோ நம்ம சாமி" என்றார்கள். கோயில் வாயிலில் பூசை அங்கி அணிந்த ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அங்கி அமாந்துவுடையது, நகரத்துப் பெண்கள் பூவேலை செய்து கொடுத்தது. அணிந்திருந்தவன் அமாந்து அல்லன். ஐம்பது வயதிருக்கும், அகன்ற தோளும் மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையும் உடையவன், அங்கி அவனுக்குக் குட்டையாய் இருந்தது.

அவனை ஆயருக்குத் தெரியும். உர்சியோ. அக்கோயிலின் கோயிற்பிள்ளை: கதவு திறப்பவன், மணியடிப்பவன், குழி வெட்டுபவன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கழுதையின் வழியில் தானாகவே வந்து நின்று, தன்னைக் குருவாக்கும்படி கேட்டவன். வெனுஸ்தியன் மறுத்த மிகச் சிலருள் ஒருவன். காரணம் இருந்தது. அவன் மணந்துகொண்டவள் ஒரு விதவை. விதவையை மணந்தவனுக்குப் பட்டம் இல்லை என்பது சட்டம். அதற்கு விலக்கே கிடையாது.

உர்சியோ ஆயரைப் பார்த்தான். ஓடவுமில்லை, மண்டியிடவுமில்லை. முப்பத்தாறு பேரும் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக் கண்ணீருடன் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆயர் அப்போது ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நடந்து போய் உர்சியோவின் தோளைத் தொட்டு, "உள்ளே வா" என்றார்.

பீடத்தின் பின்னறையில் கல்மின் கதவைச் சாத்தித் தாழிட்டார்.

"அமாந்து எங்கே?" என்று கேட்டார் ஆயர்.

"போயிட்டார், ஆண்டவரே. வந்த நாலாம் நாள். மொத ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்தார். பாட்டெல்லாம் பாடினார். மூணாம் நாள் ஒரே வீட்டுல அஞ்சு பேரு. அதுல ஒருத்தன் அவர் மேலயே வாந்தி எடுத்துட்டான். மறுநாள் விடியக்காத்தால கதவு தொறக்கப் போறேன், இந்த அங்கி பீடத்து மேல மடிச்சு வெச்சிருக்கு. அழகா மடிச்சு வெச்சிருந்தார். பேழையில இருந்த நற்கருணையையும் தானே உட்கொண்டு காலி பண்ணிட்டுத்தான் போயிருக்கார். அவமதிப்பு வந்துடக் கூடாதுன்னு நெனைச்சிருப்பார், பாவம்."

"பாவமாம்!" என்றார் கல்மின்.

"பயம் யாருக்குத்தான் இல்ல, சாமி? நானும் பயந்தேன். போறதுக்கு எனக்கு எடமில்ல."

உர்சியோ சுற்றிவளைக்காமல் சொன்னான். ஆயரைத் தேடி அவன் நடந்தே பாலம்வரை போனான். வில்லாளர் நகரத்துக் கரையில் கால் வைக்க விடவில்லை. ஒரு நாள் முழுவதும் எதிர்க்கரையிலிருந்து கூவினான்: எங்கள் ஊருக்குச் சாமி இல்லை, ஆயரிடம் சொல்லுங்கள் என்று. ஒருவன் காலடியில் அம்பு விட்டான். திரும்பினான். ஊருக்குள் நுழைந்தபோது, நீராலை வைத்து மாவரைக்கிற மொந்தானின் மகள் விலித்தா, பதினெட்டு வயதுப் பெண், சாகக் கிடந்தாள்.

"சாமி வந்தாச்சா, சாமி வந்தாச்சான்னு அதையே கேட்டுட்டுக் கெடந்துச்சு. கண்ணு தெரியலை அதுக்கு. அவங்கப்பன் என் காலைப் புடிச்சுட்டான். 'ஆயரைப் பாத்தியா, என்ன சொன்னாரு'ங்கறான். நான் கோயிலுக்கு ஓடினேன். அங்கியை மாட்டினேன். வந்து, 'வந்துட்டேம்மா'ன்னேன். ஆயர் பாலத்துலயே எனக்குப் பட்டம் கொடுத்து அனுப்பிட்டார்னு சொன்னேன். அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும்னுதான் நெனைச்சேன். மறுநாள் அடுத்த வீட்டுல கூப்பிட்டாங்க."

"எத்தனை பேர்?"

"அம்பத்தெட்டுப் பேருக்குக் கொடுத்தேன். மத்தவங்க நான் போறதுக்குள்ள போயிட்டாங்க."

"எதைக் கொடுத்தே?"

உர்சியோ கைகளைப் பார்த்துக்கொண்டான். "அப்பத்தை. அதைக் கடவுளோட சரீரமாக்கற வார்த்தை எனக்குத் தெரியும். முப்பது வருஷமா தூணோரம் நின்னு கேட்டவன். ஒரு வார்த்தை விடலை. ஆனா பட்டமில்லாத என் வாயில அது வெறும் வார்த்தைதானே, ஆண்டவரே? நீங்களே சொல்லுங்க. நான் அவங்களுக்கு எதைக் கொடுத்தேன்?"

அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். உர்சியோவின் மனைவி பலாதினா ஒரு தட்டில் கோசுக்கிழங்கும் பன்றிக்கொழுப்பும் கொண்டுவந்து நின்றாள். மெலிந்தவள், பேச்சில் கூர்மையுள்ளவள். தட்டைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"விசாரணை முடிஞ்சுதா? இந்தாளை என்ன பண்ணப் போறீங்க?"

"நீ வெளியே போம்மா" என்றார் கல்மின்.

"நான் ஏன் போறேன்? என்னாலதானே இந்தாளுக்குப் பட்டம் கெடைக்கலை? மொத புருஷன் செத்துப்போனது என் குத்தமாம். சட்டம் தெரிஞ்சிருந்தா அவனைச் சாகாதேடான்னு புடிச்சு நிறுத்தியிருப்பேன்." அவள் ஆயரை நோக்கித் திரும்பினாள். "நீங்க அனுப்பினவருக்கு விதவை, பொண்டாட்டி ஒண்ணும் கெடையாது. சுத்தமான ஆளு. சுத்தமாப் போயிட்டாரு."

"பலாதினா, போதும்" என்றான் உர்சியோ.

"சொல்லட்டும்" என்றார் ஆயர். ஆனால் அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். முந்தானையால் பெட்டியின் விளிம்பைத் துடைத்துவிட்டுக் கணவனுடன் வெளியே போனாள்.

கல்மின் நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் சினத்துடன் பேசுவார் என ஆயர் எதிர்பார்த்தார். அவரோ மெல்லிய குரலில் பேசினார்.

"ஆண்டவரே, இதை இப்படியே மூடிடலாம். இந்த அறையிலேயே அவன் தலையில கையை வையுங்க. நான் சாட்சி. ஏட்டுல நாளை மட்டும் முன்தேதியாப் போட்டுக்கறேன். நீங்க பாலத்துக்கு வந்ததா ஊரே சொல்லுது, வந்ததாவே இருக்கட்டுமே."

"அவன் விதவையைக் கட்டினவன்."

"எந்தச் சங்கம் வந்து இந்த மலையில எண்ணிப் பாக்கப் போகுது? அவனைவிட நல்ல குருவை நீங்க எங்கே தேடுவீங்க? கடவுளே நமக்குக் காட்டியிருக்கார்னு வெச்சுக்குவோம். செத்தவங்க செத்துட்டாங்க. இருக்கறவங்க நிம்மதியா இருக்கட்டும். நாளையிலிருந்து அவன் கொடுக்கறது மெய்யான நற்கருணையா இருக்கும். நேத்துவரைக்கும் கொடுத்ததை யாரும் கேக்கப் போறதில்ல."

சட்டத்தை ஒருநாளும் வளைக்காதவர் கல்மின். அவரே வளைத்துக் கொடுத்தபோது ஆயருடைய உள்ளத்தில் ஒரு பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. தாம் மறுத்தவனைத் தாமே ஏற்றுக்கொள்ளலாம்; தாம் அனுப்பியவன் ஓடிப்போனதை ஒருவரும் அறிய வேண்டியதில்லை. உர்சியோ குருவாகத் தகுந்தவன் என்பதிலும் ஐயமில்லை. "சாயங்கால செபத்துக்கு அப்புறம் பண்ணிடலாம்" என்றார். சொன்ன பிறகு கோசுக்கிழங்கில் கொஞ்சம் உண்டார்.

பிற்பகலில் மொந்தான் வந்தான். மாவு படிந்த புருவம். துவைத்துத் தர ஆளில்லாத வீட்டின் அழுக்கு ஆடை. அவன் ஆயருடைய காலடியில் உட்கார்ந்துகொண்டு எழமாட்டேன் என்றான்.

"எனக்கு ஒரு பாவம் இருக்கு, ஆண்டவரே. நம்ம சாமிகிட்டச் சொல்லலை. சொன்னா அவர் மனசு கஷ்டப்படும். எம் பொண்ணுக்கு அவர் அப்பத்தை வாயில வெச்சார். அவ முழுங்கலை. முழுங்கறதுக்குள்ள போயிட்டாளா, இல்லை வைக்கறதுக்கு முன்னாலயே போயிட்டாளா, எனக்குத் தெரியலை. செத்தவங்களுக்கு நற்கருணை கொடுக்கக் கூடாதுன்னு பழைய சாமி சொல்லியிருக்காரு. அதான் சாமி அந்தப் பக்கம் போனதும் நானே விரலை விட்டு எடுத்துட்டேன். என் கையால எடுத்தேன். கடவுளோட சரீரத்தை மண்ணுக்குள்ள எப்படிப் போடறது?"

"எடுத்து என்ன செஞ்சே?"

மொந்தானின் முகம் ஒளிபெற்றது. "பத்திரமா வெச்சிருக்கேன். வந்து பாருங்க."

ஆயர் எழுந்தார். கல்மினும் உர்சியோவும் பின்னால் வந்தார்கள். நீராலையின் சக்கரம் நின்றிருந்தது. மாவரைக்க ஊரில் தானியமும் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் உள்ளே தரை பெருக்கப்பட்டிருந்தது. திரிகையின்மேல் வெள்ளைத்துணி விரித்து, அதன்மேல் மரத்தாற் கடைந்த ஒரு சிமிழ் வைக்கப்பட்டிருந்தது. இருபுறமும் கொழுப்புவிளக்குகள் எரிந்தன. பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் மண்டியிட்டிருந்தார்கள். ஒரு தாய் காய்ச்சலில் முனகும் மகளை மடியில் கிடத்தி, சிமிழின் விளிம்பைத் தொட்ட தண்ணீரை அவளுடைய உதட்டில் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏழு பேருக்குக் காய்ச்சல் விட்டிருக்கு, ஆண்டவரே" என்றான் மொந்தான். "மலைக்கு அந்தப்பக்கம் இருக்கற ஊர்ல இருந்துகூட வர்றாங்க. போன வாரம் மட்டும் முப்பது பேரு. எம் பொண்ணு இந்த ஊருக்குச் சீதனம் விட்டுட்டுப் போயிருக்கா."

அவன் சிமிழைத் திறந்தான். உள்ளே கட்டைவிரல் அளவிலான அப்பத்துண்டு ஒன்று இருந்தது. உலர்ந்து சுருங்கி, ஒரு பக்கம் பச்சையாய்ப் பூஞ்சணம் பூத்திருந்தது. மற்றொரு பக்கத்தில் ஒரு பல்லின் அடையாளம் மெல்லியதாய்த் தெரிந்தது.

எல்லாரும் தரையில் நெற்றி பட வணங்கினார்கள். பிறகு தலையைத் தூக்கி ஆயரைப் பார்த்தார்கள். மொந்தானும் பார்த்தான். திறந்த சிமிழைக் கையில் ஏந்தி, அருள் வேண்டி நிற்கிற பிள்ளையைப்போல ஆயருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெனுஸ்தியன் மண்டியிட்டார்.

முழங்கால் தரையில் பட்டபோதுதான் தாம் என்ன செய்தோம் என்பது அவருக்குத் தெரிந்தது. அது வெறும் அப்பம் என்று அங்கே அறிந்தவர் மூவர். கல்மின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். உர்சியோ வாசற்படிக்கு வெளியே, வெயிலில், கைகளைத் தொங்கவிட்டு நின்றான், அவன் மண்டியிடவில்லை. மூவருள் மண்டியிட்டவர் ஆயர் ஒருவரே. அறிந்தே வெறும் அப்பத்தை வணங்கினார். பதினாறு ஆண்டுகளாய் அதைச் செய்யலாகாது என்று மலைநாடெங்கும் போதித்து, ஊற்றுகளுக்கும் மரங்களுக்கும் படையல் வைத்தவர்களைக் கண்டித்தவர். அவர் மண்டியிட்டதைக் கண்டு மொந்தான் வாய்விட்டு அழுதான். "பாத்தியா, ஆயரே வணங்கிட்டார்!" என்று அந்தத் தாய் மகளின் காதில் சொன்னாள்.

திரும்பும்போது உர்சியோ ஆயரின் பக்கத்தில் நடந்தான். கல்மின் முன்னே போய்விட்டார்.

"எனக்கு அது ஒரு மாசமாத் தெரியும், ஆண்டவரே. தெரிஞ்சும் சொல்லலை. மொந்தானுக்கு வேற ஒண்ணும் இல்ல. பொண்டாட்டி போயிட்டா, மூணு பசங்க போயிட்டாங்க, அந்தப் பொண்ணும் போயிட்டா. அந்தச் சிமிழ் ஒண்ணுதான்." சிறிது தூரம் நடந்துவிட்டு, "அது கோதுமைகூட இல்ல. ஊர்ல கோதுமை தீந்துபோச்சு. வாற்கோதுமை மாவுல பலாதினா அடுப்பு ஓரத்துல சுட்டது" என்றான்.

பின்னறையில் மறுபடியும் கதவு சாத்தப்பட்டது. இம்முறை பலாதினாவும் உள்ளே இருந்தாள். அவளை ஒருவரும் வெளியே போகச் சொல்லவில்லை. கல்மின் ஏட்டை விரித்து மைக்கொம்பைத் திறந்து வைத்திருந்தார். ஆயர் அந்த ஏட்டை மூடினார்.

"முன்தேதி வேண்டாம், கல்மின்."

"ஆண்டவரே, யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சேன். இன்னிக்கு இவனுக்குப் பட்டம் கொடுத்தா, நாளைக்கு அந்தச் சிமிழைப் பத்தி நான் என்ன சொல்றது? அடுத்த வருஷம் அதுக்கு ஒரு கோயில் கட்டச் சொல்லி வருவாங்க. கட்டக் கூடாதுன்னு எந்த வாயால சொல்லுவேன்? மண்டியிட்டவன் வாயாலயா?"

"சிமிழை வாங்கி நகரத்துக்குக் கொண்டுபோயிடலாம். தலைமைக் கோயில்ல வைக்கணும்னு சொன்னாப் போச்சு. வழியில எரிச்சுடலாம்."

"எல்லாத்துக்கும் ஒரு வழி வெச்சிருக்கே" என்றார் ஆயர். குரலில் கோபம் இல்லை. "நானும் அப்படித்தான் நாப்பது நாள்ல ஒரு குருவைச் செஞ்சேன்."

கல்மினுக்கு முகம் சிவந்தது. "சரி, ஊருக்கு உண்மையைச் சொல்லுங்க. சொன்னா இவனைக் கல்லால அடிப்பாங்க. எம் பிள்ளைக்கு நற்கருணைன்னு சொல்லி எதைக் கொடுத்தேன்னு கேப்பாங்க. அது ஒரு நாள் கதை. அதுக்கப்புறம்? நாப்பத்தொரு ஊர்லயும் கேப்பாங்க. எங்க சாமி நெசமான சாமியான்னு. நீங்க வழியில கண்டெடுத்த ஒவ்வொருத்தன் முகத்தையும் பாத்துக் கேப்பாங்க. இந்தக் கொள்ளைநோயில செத்தாங்களே நம்ம பசங்க, அவங்க கையால வாங்கினவங்ககூடக் கேப்பாங்க. இனிமே எந்தத் தாய் உங்ககிட்டப் பிள்ளையைக் கொடுப்பா? பதினாறு வருஷம், ஆண்டவரே. அப்புறம் சட்டம் உங்களையும் விடாது. வருஷம் ஆகறதுக்குள்ள ஒருத்தனைக் குருவாக்கினவர் ஒரு வருஷம் பூசை வைக்கப் பீடம் ஏறக் கூடாது."

"ஏற மாட்டேன்."

வெளியே யாரோ அரிவாள் தீட்டுகிற ஒலி கேட்டது. எஞ்சியவர்கள் புல்லறுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

பலாதினா சுவரோரத்திலிருந்து எழுந்து வந்தாள். காலையில் இருந்த கூர்மை இப்போது அவளிடம் இல்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன். அந்த அம்பத்தெட்டுப் பேரு கெதி என்ன? அதைச் சொல்லிட்டு அப்புறம் ஊருக்குச் சொல்லுங்க. எங்க மூத்தவன் அதுல ஒருத்தன். பெத்த அப்பனே கொடுத்தாரு அவனுக்கு. வெறும் அப்பம்னு தெரிஞ்சே கொடுத்தாரு. அவன் சிரிச்சுக்கிட்டே வாங்கினான்."

உர்சியோ தலையைக் குனிந்துகொண்டான்.

ஆயர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அவரே எழுந்து நின்றார்.

"அவங்க கேட்டது கடவுளை, அம்மா. கேட்டவங்களை அவர் தள்ளமாட்டார்னு நான் நம்பறேன். பாலத்தை அடைச்சது நாங்க, அவர் இல்ல. ஆனா என்னால பாத்துட்டு வந்து சொல்ல முடியாது. நம்பறேன்னுதான் சொல்ல முடியும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதையே ஊருக்கும் சொல்லுவீங்களா?"

"இதையேதான் சொல்லுவேன். இதுக்கு மேல ஒண்ணும் கூட்டிச் சொல்ல மாட்டேன்."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு மறுபடியும் சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

அப்போது உர்சியோ அங்கியைக் கழற்றத் தொடங்கினான். தோளில் தையல் பிரிந்திருந்தது; தலைவழியே எடுக்கக் கஷ்டப்பட்டான். கல்மின்தான் எழுந்து போய் இழுத்து உதவினார். உள்ளே குழிவெட்டுகிறவனின் பழைய சட்டை இருந்தது.

"ஆண்டவரே, நானே சொல்லிடறேன். பொய் சொன்னது நான். நீங்க ஊருக்கு வெளியே நில்லுங்க. எனக்கு ஆகறது ஆகட்டும். மத்த ஊர்க்காரங்க, வெர்னியாக்ல ஒரு பொய்யன் இருந்தான்னு சொல்லிட்டுப் போகட்டும். நீங்க பட்டம் கொடுத்த பிள்ளைங்க பேருக்குக் கெடுதல் வர வேண்டாம்."

கல்மின் நம்பிக்கையோடு ஆயரைப் பார்த்தார். அவருக்கே தோன்றாத வழி அது. எல்லாவற்றையும் விட எளிய வழியும் அதுவே.

வெனுஸ்தியன் அங்கியை வாங்கிப் பெட்டியின்மேல் வைத்தார். உர்சியோவின் காய்த்த கைகளை நெடுநேரம் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கைகளைப் பார்த்தது அவருக்கு நினைவில் இல்லை. அன்றைக்கு அவர் கேட்டது விதவையைப் பற்றி மட்டுமே.

"நீ சொன்னா அது உன் பொய்யா மட்டும் போயிடும்" என்றார். "நீ என் பக்கத்துல நில்லு, போதும். மொந்தானையும் முன்வரிசையில உக்கார வை. சிமிழோட வரட்டும். கல்மின், நீ வேணும்னா இன்னிக்கே நகரத்துக்குப் போகலாம். நான் தடுக்கலை."

"நான் எங்கே போறது?" என்றார் கல்மின் எரிச்சலோடு. "கல்லு விழுந்தா உங்க கழுதையா மறைக்கும்?"

ஆயர் கதவின் தாழை நீக்கினார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை. எல்லாரும் வந்ததும் நானே சொல்லிடறேன்" என்றார்.